பத்து நாட்டுக்கோழிக்கு ஒரு கொட்டகை: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோழியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். சந்தையில் நல்ல வெடைக்கோழிகள் கண்ணில் பட்டதும் நாலைந்தை வாங்கிக் காலைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இரவு எங்கே அடைப்பது என்ற கேள்வி பொழுது சாய்ந்தபிறகுதான் வரும். அப்போதைக்குக் கிடைப்பது ஒரு அட்டைப்பெட்டியோ மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சந்தோதான். அதில் அடைத்த கோழிகளில் ஒன்றிரண்டு சீக்கிரமே காணாமல் போகும். அதனால் கொட்டகை முதலில், கோழி அப்புறம்.

நம் சமவெளி ஊர்களில் கொட்டகை இரண்டு விஷயங்களைத் தாங்க வேண்டும். ஒன்று, சித்திரை வைகாசி மதிய வெயில். இன்னொன்று, இரவில் வரும் கீரி, மரநாய், பூனை, தெருநாய், பாம்பு. வெயிலுக்குத் திறப்பாக இருக்க வேண்டும், இரவுக்கு அடைப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கட்டுமானத்தில் கொண்டுவருவதுதான் வேலையே. இணையத்தில் விற்கும் அழகான மரக்கூண்டுகளும், வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் பெட்டி போன்ற கூண்டுகளும் பனி பெய்யும் நாட்டுக்காக யோசித்தவை. குளிர் உள்ளே வராதபடி நாலு பக்கமும் பலகை அடித்து, சின்னதாக ஒரு சன்னல் வைத்திருப்பார்கள். அதை அப்படியே வேலூரிலோ மதுரையிலோ வைத்தால் மே மாதத்தில் கோழி உள்ளேயே வெந்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இரைப்பதும் இறக்கையை விரித்துக்கொள்வதும்தான் அது சூட்டைத் தணிக்கும் வழி. காற்று ஓடாத இடத்தில் அதுவும் பலிக்காது.

எத்தனை கோழி, எவ்வளவு இடம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பத்துப் பெட்டை, ஒரு சேவல் சரியான அளவு. ஒரு வீட்டுக்கு வேண்டிய முட்டை கிடைக்கும், தினமும் பார்த்துக்கொள்வதும் சிரமமாக இருக்காது. இரவில் மட்டும் அடைத்துப் பகலில் வெளியே விடுவதாக இருந்தால் தலைக்கு 2 சதுர அடி போதும். பதினொரு கோழிக்கு 22 சதுர அடி. 6 அடி நீளம், 4 அடி அகலம் வைத்தால் 24 சதுர அடி, கொஞ்சம் மிச்சமே இருக்கும். சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு இந்தக் கணக்கு தாராளமாகப் போதும். பெரிய உடம்புள்ள பெருவிடை வளர்க்கிறீர்கள் என்றால் தலைக்கு 3 சதுர அடியாக வைத்துக்கொள்ளுங்கள். பெருவிடைச் சேவல்கள் இரண்டை ஒரே கொட்டகையில் விடவே கூடாது.

உயரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓரத்தில் 6 அடி, நடுவில் 7 அடி இருக்கட்டும். உயரம் கூடினால் சூடான காற்று மேலே போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆள் நிமிர்ந்து நுழைய முடியாத கொட்டகையை யாரும் ஒழுங்காகக் கூட்டிப் பெருக்குவதில்லை.

இடம் பார்ப்பது

ஒரு நல்ல மழை பெய்து முடிந்ததும் தோட்டத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்குகிற இடம் எது, வடிகிற இடம் எது என்று அப்போது தெளிவாகத் தெரியும். வடிகிற மேட்டில் கட்டுங்கள். கோழி கத்தினால் படுக்கையறைக்குக் கேட்கிற தூரத்தில் இருப்பது நல்லது. கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ ஒட்டி வேண்டாம், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் இருக்கிறவர்கள் கோழி வளர்க்க என்ன விதி என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கொட்டகையின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது குறுகிய பக்கம்தான் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்கும், நீளமான வலைப்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். நாமக்கல் பக்கம் இருக்கும் பெரிய முட்டைப் பண்ணைகளின் கொட்டகைகளும் இப்படித்தான் நிற்கின்றன. மேற்கே ஒரு வேம்போ முருங்கையோ இருந்தால் நல்ல நிழல். ஆனால் கிளை கூரைமேல் வந்து படுகிற மாதிரி இருக்கக் கூடாது. மரநாய் கிளை வழியாகத்தான் இறங்கும்.

அடித்தளம்

தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். சுற்றிலும் செங்கல் வைத்து, நடுவில் கல்லும் மண்ணும் போட்டு இடித்து, மேலே சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் முடிந்தது. கழுவுகிற தண்ணீர் ஓடிவிட ஒரு பக்கமாகச் சின்னச் சரிவு கொடுங்கள். 24 சதுர அடிக்குப் பெரிய செலவு வராது. மண்தரையே போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கோழிக்கு மண்தரை பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பெருச்சாளி ஒரே இரவில் மண்தரையைக் குடைந்து உள்ளே வந்துவிடும். அது வெட்டிய வளையில் அப்புறம் பாம்பு குடியேறும். கோழிக்கு மண் வேண்டுமென்றால் பகலில் மேய்கிற இடத்தில் இருக்கட்டும், இரவில் படுக்கிற இடம் சிமெண்டாகவே இருக்கட்டும்.

சுவரும் வலையும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கோழியை இழக்கிறவர்களில் பலர் வலையில்தான் ஏமாறுகிறார்கள்.

தளத்திலிருந்து ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர். மழைச்சாரல் தரையில் தெறிக்காமலும், நாயும் பூனையும் வெளியே நின்று கோழியைப் பார்த்து மிரட்டாமலும் இது காக்கும். அதற்குமேல் கூரை வரைக்கும் நாலு பக்கமும் வலை. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். நாய் உள்ளே வராமல் தடுக்கப் போதாது. ஒரு தெருநாய் பல்லால் கடித்து இழுத்தால் கிழிந்துவிடும். நாலைந்து மழைக்காலம் போனால் துருப்பிடித்துத் தானாகவே உதிரும். நீங்கள் கேட்க வேண்டியது வெல்டு மெஷ். குறுக்கும் நெடுக்கும் போகும் கம்பிகளை ஒட்டவைத்த, துத்தநாகம் பூசிய கெட்டியான ஜி.ஐ. வலை, கண் அரை அங்குலம். ஒரு அங்குலக் கண் விலை குறைவுதான். ஆனால் அதில் எலி நுழையும், சின்னப் பாம்பு நுழையும், கீரி தலையை விட்டுப் பார்க்கும். பணம் இடிக்கிறது என்றால் கீழ் மூன்றடிக்கு அரை அங்குலமும் அதற்குமேல் ஒரு அங்குலமும் போடலாம். ஏறிப் பழகிய பாம்பை இது முழுதாகத் தடுக்காது. இருந்தாலும் மெல்லிய கோழிவலையைவிட எவ்வளவோ மேல்.

வலையைச் சட்டத்தின் உட்பக்கமாக அடிக்காமல் வெளிப்பக்கமாக அடியுங்கள். வெளியிலிருந்து எது தள்ளினாலும் வலை சட்டத்தின்மேல் அழுந்தும், ஆணி பிடுங்கிக்கொள்ளாது. வெறும் ஆணியைப் பாதி அடித்து வளைத்துவிடுவதைவிட, சின்னப் பட்டை வைத்துத் திருகாணி போடுவது பல மடங்கு உறுதி. வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பாருங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில், கதவின் அடியில், மூலைகளில் எங்கேயாவது இரண்டு விரல் நுழைகிற சந்து இருந்தால் அதையும் அடையுங்கள். மரநாய் கூரையோரச் சந்துகளைத்தான் முதலில் தேடும். ஓடு வேய்ந்திருந்தால் ஓட்டையே நகர்த்திவிட்டு இறங்கும். ஓட்டுக்கூரைக்கு அடியிலும் அதனால் வலை ஓட வேண்டும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, நடுவில் ஒரு பூட்டு. கயிற்றால் கட்டிவைக்கிற பழக்கம் வேண்டாம்.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஓடித் தப்பிக்காது. கீரியோ நாயோ உள்ளே புகுந்துவிட்டால் தின்பதற்கு ஒன்றை மட்டும் பிடிப்பதில்லை, கிடைத்ததையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். ஒரே சந்தில் ஒரே இரவில் மொத்தக் கோழியும் போவது இப்படித்தான். அந்தக் கோபத்தில் விஷம் வைப்பது, கண்ணி வைப்பது என்று இறங்கிவிடாதீர்கள். கீரி, மரநாய், உடும்பு எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. வைத்த விஷத்தை உங்கள் கோழியோ பக்கத்து வீட்டு நாயோ தின்னவும் வாய்ப்புண்டு. அவை பசிக்கு வருகின்றன, உள்ளே விடாமல் இருப்பது நம் பொறுப்பு.

கூரை

தென்னங்கீற்று, ஓடு, சிமெண்ட் அட்டை, ஜி.ஐ. தகடு என்று நாலு வழி இருக்கிறது. குளிர்ச்சியில் கீற்றுக்கு ஈடு கிடையாது. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும், எலியும் பூச்சியும் தங்கும், தீயும் பயம். தகடு வருடக்கணக்கில் உழைக்கும், மதியத்தில் அனலாய்த் தகிக்கும். என் யோசனை, தகடு போட்டு அதன்மேல் கீற்று வேய்வது. மழையைத் தகடு பார்த்துக்கொள்ளும், வெயிலைக் கீற்று பார்த்துக்கொள்ளும். கீற்று கிடைக்காத ஊரில் தகட்டின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே சூடு நன்றாகவே குறையும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுண்ணாம்பு கரைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு மாசியிலும் மறுபடி அடிக்க வேண்டும்.

கூரை நாலு பக்கமும் சுவரைத் தாண்டி 2 முதல் 3 அடி நீண்டிருக்கட்டும். சின்னக் கொட்டகைதானே என்று அரை அடியோடு நிறுத்திவிடுவார்கள், சாரல் முழுக்க உள்ளே வரும். வடகிழக்குப் பருவமழைக்குச் சாக்கோ தார்ப்பாயோ திரையாகக் கட்டலாம். திரையைக் கீழ்ப்பக்கம் நிலையாகக் கட்டிவிட்டு, வேண்டும்போது மேல்நோக்கி இழுத்துக் கட்டுகிற மாதிரி அமையுங்கள். உச்சியில் ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். மழைக்குப் பயந்து முழுக்க மூடினால் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாடை உள்ளேயே தங்கி, கோழிக்குக் கண் எரிச்சலும் சளியும் வரும்.

படுக்கையும் முட்டைப் பெட்டியும்

கோழி இரவில் தரையில் படுக்க விரும்பாது, உயரத்தில் ஏறி உட்காரத்தான் பார்க்கும். அதற்குக் கட்டை வேண்டும். இரண்டு அங்குல கனமுள்ள சவுக்குக் கம்பு நன்றாக இருக்கும். பட்டையை முழுக்க உரித்து, கணுக்களைச் சீவிவிடுங்கள். பட்டை இருந்தால் அதற்கடியில் செள்ளும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும். தலைக்கு 8 அங்குலம் வேண்டும். கொட்டகையின் 4 அடி அகலத்துக்குக் குறுக்கே இரண்டு கம்பு போட்டால் பதினொரு கோழிக்கும் இடம் இருக்கும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒன்றரை அடி இடைவெளியில், இரண்டையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாம் அதற்கே சண்டை போடும். கம்பைச் சுவரில் பதித்துவிடாமல், தாங்கியில் வைத்து எடுக்கிற மாதிரி வைத்தால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெயிலில் போடலாம்.

முட்டையிட ஐந்து பெட்டைக்கு ஒரு பெட்டி வீதம் இரண்டு பெட்டி, நீளம் அகலம் உயரம் எல்லாம் ஒரு அடி. பழைய மண்சட்டி, மூங்கில் கூடையும் போதும். உள்ளே வைக்கோல். கொஞ்சம் இருட்டான மூலையில், படுக்கைக் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். பெட்டி உயரத்தில் இருந்தால் இரவில் அதிலேயே ஏறிப் படுத்து எச்சமிடும், முட்டையெல்லாம் அழுக்காகும்.

உமி விரிப்பு

சிமெண்ட் தளத்தின்மேல் 3 அங்குலத்துக்கு விரிப்புப் போட வேண்டும். நெல் உமிதான் எளிது, சீக்கிரம் உலரும். தேங்காய் நார்க்கழிவும் நல்லது, ஈரத்தை நன்றாக இழுக்கும். கடலைத்தோல் போடுகிறவர்கள் அது காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஈரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். மரத்தூள் வேண்டாம், குஞ்சுகள் தீனி என்று கொத்தித் தின்னும்.

விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை முள்வாரியால் கிளறிவிட்டால் எச்சம் உமியோடு கலந்து காயும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரியாக இருக்கிறது. கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், புது உமி சேர்த்துக் கிளற வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் வாடை குத்தினாலும் அதே அர்த்தம். ஈரமான விரிப்பில்தான் இரத்தக்கழிச்சல் நோய் பரவும், குஞ்சுகளைத்தான் அது முதலில் கொண்டுபோகும். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க அள்ளிவிட்டு, தளத்தைக் கழுவிக் காயவைத்து, நீர்த்த சுண்ணாம்பு அடித்துப் புது உமி போடுங்கள். அள்ளியதைக் குப்பைக்குழியில் மக்கவைத்தால் தென்னைக்கும் வாழைக்கும் அருமையான எரு.

தண்ணீர், தீனி, மேய்ச்சல்

ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் இரண்டு மடங்கு. நிழலில் வைத்த மண்பாத்திரத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். தொட்டியும் தீனிப் பாத்திரமும் கோழியின் முதுகு உயரத்தில் தொங்கட்டும் அல்லது செங்கல்மேல் இருக்கட்டும். தரையில் வைத்தால் காலால் சீய்த்து உமியெல்லாம் விழும். இரவில் தீனியைக் கொட்டகைக்குள் விடாதீர்கள், எலியை நாமே அழைப்பது போலாகும். தீனி மூட்டை மூடியுள்ள தகர டின்னில் இருக்கட்டும்.

கோழி பகலில் காலாற மேய வேண்டும். முழுத் தோட்டமும் விட முடியாதவர்கள் கொட்டகையை ஒட்டித் தலைக்கு 10 சதுர அடியாவது கணக்கிட்டு, 12 அடிக்கு 10 அடியில் ஒரு அடைப்புப் போடுங்கள். இங்கே தளம் கிடையாது என்பதால் வலையைத் தரைக்குள் ஒரு அடி இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னொரு அடி மடித்து மண்ணைப் போட்டு மூட வேண்டும். வேலியோரம் தோண்டிப் பார்க்கிற நாயும் கீரியும் வலையில் முட்டி நின்றுவிடும். மேலே நைலான் வலை போட்டால் பருந்துக்கும் காகத்துக்கும் கவலை இல்லை. அடைப்பின் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டுங்கள். கோழி அதில் புரண்டு மண்குளியல் செய்யும், பேன் பெருகாமல் இருக்க அது பெரிய உதவி.

குஞ்சுகள்

அடைக்கோழியைப் பொதுக் கொட்டகையில் வைக்காதீர்கள். மற்ற பெட்டைகள் அதன் கூடையிலேயே வந்து முட்டையிடும், எது எந்த நாள் முட்டை என்று தெரியாமல் போகும். வீட்டுத் திண்ணையிலோ இருட்டான அறையிலோ மணல் போட்ட கூடையில் அடைவைத்தால் 21ஆம் நாள் பொரிக்கும். பொரிக்கிற நேரத்தில் ஓடு உடைந்த முட்டையை எறும்பு மொய்த்துவிடும். கூடையைச் செங்கல்மேல் வைத்துச் சுற்றிலும் சாம்பல் தூவிவிடுங்கள். பொரித்த குஞ்சுகளைத் தாயோடு இரவில் அடைக்கப் பஞ்சாரத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. மூங்கிலில் பின்னியது, காற்றோட்டமானது, தூக்கி நகர்த்தலாம். அதை வீட்டுக்குள் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். பகலில் குஞ்சு மேயும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாய் எவ்வளவு ஆக்ரோஷமாக நின்றாலும் காகம் ஒரு கண் அசந்த நேரத்தில் தூக்கிவிடும்.

குடியேற்றமும் அதற்குப் பிறகும்

புதிதாக வாங்கிவந்த கோழிகளை முதல் ஒரு வாரம் கொட்டகையைவிட்டு வெளியே விடாதீர்கள். தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. இதுதான் நம் இடம் என்று பழகிவிட்டால், அதற்கப்புறம் பொழுது சாயும்போது தானாக வந்து அடையும். ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டுக்குப் புதிது வந்தால் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கதவைப் பூட்டுவதற்கு முன் தினமும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு தேடுங்கள், பெரும்பாலும் ஏதாவது மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும்.

கோழி இளைக்கிறது, கொண்டை வெளுக்கிறது, ஆனால் பகலில் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு கொட்டகைக்குள் போங்கள். உண்ணியும் சிவப்புச் செள்ளும் பகலில் சுவர் வெடிப்பிலும் கம்புச் சந்திலும் ஒளிந்திருந்து இரவில்தான் இரத்தம் குடிக்க வரும். கண்டால் கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றுங்கள், வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள். கோழியின்மேல் என்ன மருந்து தெளிப்பது, எத்தனை பங்கு தண்ணீர் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கோழிமேல் அடித்துக் கொன்றவர்கள் உண்டு.

கொட்டகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலை அது தடுக்காது. இராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதைத்தான். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே வழி. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8ஆவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. கொசு மூலம் பரவும் அம்மைக்கும் தனித் தடுப்பூசி உண்டு. பக்கத்தில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். தடுப்பு மருந்தை நீங்களே வாங்கிவருவதாக இருந்தால் பனிக்கட்டி போட்ட குடுவையில்தான் கொண்டுவர வேண்டும், வெயிலில் வந்த மருந்து வேலை செய்யாது. கோழிகளில் ஒன்று சோர்ந்து கழுத்தைத் தொங்கப்போட்டால் உடனே பிரித்து வேறு கூடையில் அடையுங்கள். செத்த கோழியை வேலிக்கு வெளியே எறிய வேண்டாம், மூன்றடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டது திடீரென்று செத்தால் கையில் உறையில்லாமல் தொடாதீர்கள், அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.